சந்தேகம் கேட்கப் பழக்கும் பாட்காஸ்ட்கள்: மதுரையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அறிவியல் நோக்கில் கேள்வி கேட்கப் பழக்கும் பாட்காஸ்ட் ஒன்றை எல்லோரும் முன்கூட்டியே கேட்டுவிட்டு வருவோம். அதில் வந்ததை நம் ஊர் விஷயங்களோடு பொருத்திப் பேசுவோம். பள்ளி ஆசிரியர், மருந்துக்கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் என்று கலவையான கூட்டம். புதிதாக வந்தவர்களும், வராமலே விசாரிக்கிறவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களுக்கு நான் மட்டுமே பொறுப்பு.

பாட்காஸ்ட் என்பது ரேடியோ நிகழ்ச்சிதானே? புதிதாக என்ன இருக்கிறது?

ரேடியோ நிகழ்ச்சிதான், ஆனால் நேரம் நம் கையில் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது போட்டு, மேலூரில் இறங்கும்போது நிறுத்தி, திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து கேட்கலாம். 'பாட்காஸ்ட்' என்ற சொல்லே 2004-ல்தான் வந்தது. போனில் ஏதாவது ஒரு பாட்காஸ்ட் ஆப் இருந்தால் போதும். நான் இங்கே சொல்கிறவற்றைக் காசில்லாமலே கேட்கலாம். ஒரு மணி நேர நிகழ்ச்சி சாதாரணமாக 30 முதல் 60 எம்பி வரை பிடிக்கும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் டேட்டா செலவாகாது.

ஐயவாதம் என்றால் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் குறை சொல்வதா?

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை. விற்பவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. பல் சரியாக இருந்தால் பேரம் பேசி ஓட்டிக்கொண்டு வருகிறோம். ஐயவாதம் என்று இங்கே சொல்வது அந்தப் பல் பார்க்கும் வேலையைத்தான். ஒரு கூற்று வந்தால், 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்? இது தவறாக இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடித்திருப்போம்?' என்று கேட்பது. சான்று சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வதும் அதே வேலையின் பாதி. எவ்வளவு சான்று காட்டினாலும் தலையை ஆட்டுபவர் பல்லைப் பார்க்காமலே மாட்டை வேண்டாம் என்பவர். தடுப்பூசியையே நம்பாத சிலரும் தங்களை ஐயவாதி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் அவர்களுக்குப் பொருந்தாது.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று ஒருவர் வருத்தப்பட்டார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவிலேயே இருக்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தின் வழியாக வந்தது. அதற்கும் முன்பே, கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அவர் வழியில் வந்த பி. பிரேமானந்த், கோவை போத்தனூரில் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போய், கையிலிருந்து விபூதி வரவழைப்பது எப்படி என்று மேடையிலேயே செய்துகாட்டினார். 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இன்றும் பள்ளிப் பிள்ளைகளிடம் வேலை செய்கிறது. பாட்காஸ்ட் புதிது. கேள்வி நம் மண்ணில் பழையது.

நீங்கள் எதையெல்லாம் கேட்கிறீர்கள்?

எங்களை முதலில் இழுத்தது 'தி ஸ்கெப்டிக்ஸ் கைட் டு தி யுனிவர்ஸ்'. 2005-ல் தொடங்கி வாராவாரம் வருகிறது, 1,000 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. நடத்துபவர் ஸ்டீவன் நொவெல்லா, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர். கூடப் பிறந்தவர்களும் நண்பர்களும் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். அதில் 'சயின்ஸ் ஆர் ஃபிக்‌ஷன்' என்று ஒரு பகுதி உண்டு: அறிவியல் செய்திகள் சிலவற்றைச் சொல்வார், பெரும்பாலும் மூன்று. அதில் ஒன்று பொய். மற்றவர்கள் ஏன் இது பொய்யாக இருக்கும் என்று காரணத்தை வாய்விட்டுச் சொல்லி யோசிக்க வேண்டும். அறிவாளிகள் காரணத்தோடு யோசித்தும் தவறாகச் சொல்வதைக் காதால் கேட்பது பெரிய பாடம். குறை என்றால் நீளம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

நேரமில்லாதவர்களுக்கு 'ஸ்கெப்டாய்ட்'. பிரையன் டன்னிங் 2006-ல் தொடங்கியது. கால் மணி நேரத்தில் ஒரே ஒரு கூற்றை எடுத்து, அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, சோதித்தபோது என்ன ஆனது என்று சொல்லி முடித்துவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது பிபிசி வானொலியின் 'மோர் ஆர் லெஸ்'. 2001-லிருந்து வருகிறது, இப்போது நடத்துபவர் டிம் ஹார்ஃபோர்ட் என்ற பொருளாதார எழுத்தாளர். செய்திகளில் வரும் எண்களைப் பிடித்து உலுக்குவதுதான் வேலை. 'இது பெரிய எண்ணா?' என்ற ஒரு கேள்வியை எனக்குக் கொடுத்தது இந்த நிகழ்ச்சி. உதாரணமாக, மதுரை மாவட்டத்துக்கு 100 கோடி ரூபாய் திட்டம் என்று தலைப்பு வருகிறது. 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 30 லட்சத்து 38 ஆயிரம். வகுத்தால் தலைக்கு 330 ரூபாய்கூட வராது. ஒரு முறைதான் அந்தத் தொகை என்றால் அது சிறிய எண். இப்படி வகுத்துப் பார்க்க ஆரம்பித்த பிறகு நான் பேப்பர் படிக்கும் விதமே மாறிவிட்டது.

உணவு, உடல்நலம் பற்றிக் கேட்க 'சயின்ஸ் வெர்சஸ்' நல்லது. ஆஸ்திரேலியாவில் 2015-ல் தொடங்கியது, வெண்டி ஸூக்கர்மன் நடத்துகிறார். நம் மனம் நம்மையே எப்படி ஏய்க்கிறது என்று தெரிந்துகொள்ள டேவிட் மெக்ரேனியின் 'யூ ஆர் நாட் ஸோ ஸ்மார்ட்'.

நம்புகிறவர்களை ஒரு மணி நேரம் கிண்டல் செய்வதையே நிகழ்ச்சியாக வைத்திருப்பவர்களும் உண்டு. அவற்றை நாங்கள் எடுப்பதில்லை. சிரிப்பு வருகிறது, ஆனால் எப்படிச் சோதிப்பது என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே?

ஆமாம், இதுதான் பெரிய தடை. எங்களிலேயே பாதிப்பேர் ஆங்கிலத்தில் சரளமாகக் கேட்கிறவர்கள் இல்லை. நாங்கள் கண்டுபிடித்த வழி இது. ஆப்பில் வேகத்தை முக்கால் ஆக்கிக்கொள்ளுங்கள். ஸ்கெப்டாய்டுக்கும் சயின்ஸ் வெர்சஸுக்கும் பேச்சின் முழு எழுத்து வடிவம் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அவர்கள் உச்சரிப்பு பிடிபடும். அப்புறம் கூட்டத்துக்கு ஒருவர் அந்த எபிசோடைத் தமிழில் பத்து நிமிடம் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் கூட்டத்தின் உயிர். ஆங்கிலத்தில் புரிந்ததாகத் தோன்றியது தமிழில் சொல்ல வாய் திறந்தால் உதிர்ந்துவிடும். 'ஆதாரம் பலவீனமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு, 'அப்படின்னா என்னங்க?' என்று மருந்துக்கடை அண்ணன் கேட்டால், எத்தனை பேரிடம் சோதித்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். தமிழில் இப்படி வாராவாரம் நிதானமாகச் சோதித்துப் பேசும் நிகழ்ச்சிகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதைப் படிப்பவர் யாராவது தொடங்கினால் முதல் ஆளாகக் கேட்பேன்.

எங்கள் தோட்டத்தில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்துத்தான் போர் போட்டோம். தண்ணீர் வந்தது. அதையும் பொய் என்பீர்களா?

தண்ணீர் வந்தது உண்மை, அதில் சந்தேகம் இல்லை. தேங்காய் காட்டியதால் வந்ததா, தோட்டத்தில் வேறு இடத்தில் போட்டிருந்தாலும் வந்திருக்குமா என்பதுதான் கேள்வி. ஒரு தோட்டத்தையும் ஒரு போரையும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடக்கிறார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கிறது. சிலர் கவட்டை வடிவ வேப்பங்குச்சியைப் பிடிப்பார்கள். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் பார்த்தவர்கள் தாங்கள் செய்வதை முழுமையாக நம்புகிறவர்கள். ஆனால் நாம் எதிர்பார்ப்பதை நோக்கி நம் தசைகள் நமக்கே தெரியாமல் மெல்ல அசையும். 1852-லேயே வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விளக்கிப் பெயர் வைத்தார். ஏற்கெனவே விழும் நிலையில் பிடித்திருக்கும் குச்சியோ தேங்காயோ புரள இத்தனை சின்ன அசைவு போதும். பிடித்திருப்பவருக்குத் தான் அசைத்ததே தெரியாது.

சரி, சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். ஜெர்மனியின் காசல் நகரில் 1990-ல் நீரோட்டம் பார்ப்பவர்கள் சுமார் முப்பது பேரை அழைத்துச் சோதித்தார்கள். தரைக்கு அரை மீட்டர் கீழே ஒரு குழாய் புதைக்கப்பட்டிருந்தது. அது எங்கே போகிறது என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். அதில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். நிபந்தனைகள் நியாயமானவை என்று அவர்களே முன்கூட்டி ஒப்புக்கொண்டார்கள், பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவோம் என்றும் சொன்னார்கள். முடிவு பூவா தலையா போட்டது போலத்தான் வந்தது.

இதில் நான் திரும்பத் திரும்ப மதிக்கும் விஷயம், சோதனையை அந்த ஆட்களோடு சேர்ந்தே வடிவமைத்தது. 'உங்களுக்கு எது நியாயம்?' என்று முதலில் கேட்டுவிட்டால், முடிவு வந்த பிறகு சாக்குச் சொல்ல இடமில்லை.

இனி நம் ஊர் மண்ணுக்கு வருவோம். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கமெல்லாம் அடியில் கெட்டிப் பாறை. பாறை தண்ணீரைத் தேக்காது. மேலே சிதைந்த அடுக்கிலும் பாறையின் விரிசல்களிலும்தான் தண்ணீர் நிற்கும். அதனால்தான் ஒரு காட்டில் 150 அடியில் ஊற்று பீறிடுகிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் 600 அடி போனாலும் புழுதி பறக்கிறது. இவ்வளவு நிச்சயமில்லாத ஒரு காரியத்தில் கடன் வாங்கிப் பணத்தைக் கொட்டப்போகிறவர், யாராவது வந்து 'இங்கே இருக்கிறது' என்று விரல் நீட்ட வேண்டும் என்று ஏங்குவது இயல்பு. எனக்கு அந்த ஏக்கம் புரிகிறது. போர் பலித்தால் ஊர் முழுக்கப் பேச்சு. பலிக்காவிட்டால் 'நீரோட்டம் சரியாகத்தான் இருந்தது, வண்டிக்காரர் ரெண்டு அடி தள்ளிப் போட்டுட்டார்' என்று முடிந்துவிடும். பலித்தது மட்டும் நினைவில் நிற்கும்.

நாங்கள் சொல்வது இதுதான்: ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் ஊரில் சில வருடங்களில் போட்ட எல்லா போர்களையும் எழுதுங்கள். யார் பார்த்துச் சொன்னது, எத்தனை அடி, தண்ணீர் எவ்வளவு, எது காய்ந்தது. நீரோட்டம் பார்க்காமல் போட்டவற்றையும் எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் உங்கள் ஊருக்கு உங்கள் பதில் கிடைக்கும். பாறையின் மின்தடையை அளந்து இடம் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதுவும் சில நேரம் தவறும். ஆனால் எதை அளந்து எப்படி முடிவு செய்தார்கள் என்று நீங்கள் கேட்க முடியும். ஒன்றுமே முடியாவிட்டாலும் அக்கம்பக்கத்துப் போர்களின் ஆழத்தையாவது விசாரித்துக்கொண்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.

கிரகணத்தன்று தாம்பாளத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கிறதே?

நிற்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் போனபோது எங்கள் தெருவிலும் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் கிரகணம் இல்லாத ஒரு சாதாரண நாளில், அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் பொறுமையாக நிறுத்திப் பார்த்தோம். நின்றது. அடியில் தட்டையாகப் பூண் போட்ட கனமான உலக்கை எந்த நாளும் நிற்கும். வேறு நாளில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் இழுப்பதால் நிற்கிறது என்றால் ஒவ்வொரு அமாவாசையும் நிற்க வேண்டும். அன்றும் இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான்.

கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பது மட்டும் முழு உண்மை. விழித்திரை பாதிக்கும், வலியே தெரியாது. அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட வேண்டாம்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சரியாவதைக் கண்ணால் பார்க்கிறோம். பாட்டி வைத்தியம் எல்லாம் பொய்யா?

நானே சாப்பிட்டவன். எட்டாம் வகுப்பில் காமாலை வந்தது. அப்பத்தா என்னை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள், உப்பில்லாப் பத்தியம். மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. இருபது வருடம் அதை முழுதாக நம்பினேன்.

பாட்காஸ்ட்கள் எனக்குக் கற்றுத்தந்த கேள்வி: மருந்து சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழந்தைகளுக்கு வரும் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம் ஹெபடைடிஸ் ஏ வைரஸ். அது சில வாரங்களில் உடம்பு தானாகவே விரட்டிவிடும் நோய். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பேர் கிடைக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, அதனால்தான் எனக்கு இது பிடிக்கும். கீழாநெல்லியை நம் விஞ்ஞானிகள் சும்மா ஒதுக்கவில்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பர்க்கும் சேர்ந்து, அந்த வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களிடம் சோதித்தார்கள். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான். பிரமாதமான முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. முதல் சோதனை சின்னது, அறுபது பேர்தான் கணக்கில் இருந்தார்கள். சின்னச் சோதனையில் தற்செயலாகவே பெரிய வித்தியாசம் வந்துவிடலாம். ஒரு ஆய்வு வந்ததும் ஏன் துள்ளக் கூடாது, இன்னொரு ஊரில் இன்னொருவர் செய்யும் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கு நம் வீட்டுக் கொல்லையில் முளைக்கும் செடியே சாட்சி.

மறுபக்கமும் உண்டு. சீனாவில் தூ யூயூ பழைய வைத்தியக் குறிப்புகளிலிருந்து ஒரு செடியைப் பிடித்து, அதிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்டுபிடித்து, 2015-ல் நோபல் பரிசு வாங்கினார். பாட்டி சொன்னது என்பதால் பொய்யும் ஆகாது, உண்மையும் ஆகாது. சோதனையில் தேறினால் மருந்து. காமாலை என்றால் தயவுசெய்து முதலில் ரத்தப் பரிசோதனை செய்து எந்தக் காமாலை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரல் கெடும் வகையும், பித்தக்குழாய் அடைக்கும் வகையும் காத்திருக்காது.

சாமி கும்பிடுகிறவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வரலாமா?

வருகிறார்கள். எங்களில் பாதிப்பேர் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடிய விடிய வைகைக் கரையில் நிற்கிறவர்கள். அழகரைப் பார்த்துக் கண் கலங்குவதில் சோதிக்க ஒன்றுமில்லை. 'அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருடம் நாடு செழிக்கும்' என்பது கூற்று. வருடவாரியாகப் பட்டின் நிறத்தையும் மழையளவையும் எழுதி ஒப்பிடலாம். நாங்கள் பேசுவது இரண்டாவது வகையைப் பற்றித்தான். அமெரிக்க ஐயவாத இயக்கத்தை 1976-ல் தொடங்கியவர்களில் ஒருவரான மார்ட்டின் கார்ட்னரே கடவுள் நம்பிக்கை உள்ளவர்.

கீழடியையும் சந்தேகப்படச் சொல்கிறீர்களா? அது நம் பெருமை அல்லவா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கூட்டத்தில் குரல் உயர்ந்துவிடும். எனக்கும் கீழடி என்றால் மனசு நெகிழும். மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர், தென்னந்தோப்புக்கு அடியில் செங்கல் கட்டுமானமும் உறைகிணறும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடும். பெருமைப்பட இது போதாதா? அதனால்தான் சொல்கிறேன், பிறர் சொல்லும் கூற்றைச் சோதிப்பது சுலபம். நமக்குப் பிடித்த கூற்றைச் சோதிப்பதில்தான் இந்தப் பழக்கம் நமக்கு வந்ததா இல்லையா என்று தெரியும்.

தெரிந்தது என்ன? தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கைக்காக ஆறு மாதிரிகளை அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்குக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி பொது ஆண்டுக்கு முன் 580 என்று வந்தது. அதாவது சுமார் 2,600 ஆண்டு. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் அது 10,000 ஆகிவிடுகிறது, உலகின் முதல் நாகரிகமும் ஆகிவிடுகிறது. இடையில் யாரோ எண்ணை ஊதிப் பெரிதாக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை அனுப்பியவர்கள் எல்லோரும் தமிழை நேசிக்கிறவர்கள்தான்.

நல்ல ஐயவாத நிகழ்ச்சியைக் கேட்டவர் இங்கே என்ன கேட்பார்? கரிமக் காலக்கணிப்பு மரம் செத்த காலத்தைச் சொல்லும். அந்தக் கரி எந்த அடுக்கில், எந்தப் பொருளோடு கிடைத்தது? எத்தனை மாதிரிகள் அதே காலத்தைக் காட்டுகின்றன? மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துபோக வாய்ப்பு உண்டா? இவை கீழடியைக் குறைக்கும் கேள்விகள் இல்லை. தொல்லியல் அறிஞர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளே இவை. ஒவ்வொரு கட்ட அகழாய்வும் இதற்கு இன்னும் கொஞ்சம் பதில் தருகிறது. 10,000 என்று நாம் கத்திவிட்டால், நாளை வெளியாள் ஒருவர் அது பொய் என்று காட்டும்போது, கையில் உறுதியாக இருந்த 2,600-ஐயும் சேர்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பயம் உண்டு.

தேனியில் நியூட்ரினோ ஆய்வகம் வேண்டாம் என்றவர்கள் அறிவியலுக்கு எதிரிகளா?

அப்படி மொத்தமாகச் சொல்லக் கூடாது. நியூட்ரினோ என்பது அணுவைவிடச் சின்னத் துகள். அதை ஆராயப் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015-ல் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பில் இரண்டு வகைக் கூற்றுகள் கலந்திருந்தன. 'நியூட்ரினோ எலும்பை உருக்கும்' என்பது ஒன்று. அது தவறு. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் விரல் நகம் அளவு இடத்தில் நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் இப்போதே ஊடுருவிப் போகின்றன. நமக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு கிலோமீட்டர் சுரங்கத்துக்கு வெடி வைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கும், விலங்குகளின் வழித்தடத்துக்கும், நீர்நிலைகளுக்கும் என்ன ஆகும் என்பது முற்றிலும் நியாயமான கேள்வி. 2022-ல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. முதல் பயம் பொய் என்பதைக் காட்டி இரண்டாவது கேள்வியையும் வாயடைத்தால் அது ஐயவாதம் ஆகாது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டும்.

படித்தவர்கள் இதிலெல்லாம் ஏமாற மாட்டார்கள்தானே?

1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் மூலிகையில் பெட்ரோல் தயாரிப்பதாகச் சொன்னது நினைவிருக்கும். முதலில் பார்த்த விஞ்ஞானிகள் சிலரே வியந்துபோனார்கள். கண்காணிப்போடு திரும்பச் செய்யச் சொன்னபோது பெட்ரோல் வரவில்லை. கலக்கும் கோலுக்குள் எரிபொருளை ஒளித்திருந்ததாகச் சொன்னார்கள். 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இயற்கை பொய் சொல்லாது, அதனால் இயற்கையோடு பழகிய விஞ்ஞானிக்கு மனிதர் செய்யும் மறைப்பைப் பிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பிரேமானந்த் மாதிரி வித்தை தெரிந்தவர்கள் இந்த இயக்கத்துக்கு ஏன் தேவைப்பட்டார்கள் என்பது இதில் விளங்கும்.

வீட்டில் பெரியவர்கள் அனுப்பும் ஃபார்வேர்டுகளுக்கு என்ன பதில் சொல்வது?

நான் முதலில் செய்த தவற்றைச் சொல்கிறேன். என் தாய்மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஏதோ ஒரு கஷாயம் இதய அடைப்பை ஒரே வாரத்தில் கரைக்கும் என்று போட்டார். நான் அங்கேயே, நாற்பது பேர் முன்னால், ஆதாரத்தோடு அது பொய் என்று எழுதினேன். சொன்ன விஷயம் சரி. மாமா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அதைவிட மோசம், அந்த மூன்று மாதமும் அவர் தன் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து, "அதைப் படிச்சதும் உங்களுக்கு என்ன மாமா தோணுச்சு?" என்று கேட்டேன். "பயமாத்தான் இருந்துச்சு மாப்ள. என் கூட வேலை பார்த்த ஆளு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டான்" என்றார். அவர் கஷாயத்தை நம்பவில்லை, மாத்திரையின் மேல் நம்பிக்கை போய்விட்டது. அது தெரிந்த பிறகு இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போனோம், மாமா தன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். இப்போது ஃபார்வேர்டு வந்தால் எனக்குத் தனியாக அனுப்பி, "இது எப்படி மாப்ள?" என்று கேட்கிறார்.

குழுவில் திருத்தாதீர்கள். தனியாக, முடிந்தால் நேரில். முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கட்டும்.

அந்தப் பாட்காஸ்ட்காரர்கள் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

அவர்களையும் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். நான் கவனிக்கும் சில விஷயங்கள்: எதிலிருந்து சொல்கிறார்கள் என்று காட்டுகிறார்களா? தவறு செய்தால் அடுத்த வாரம் திருத்திச் சொல்கிறார்களா? ஸ்கெப்டிக்ஸ் கைட் நிகழ்ச்சியில் நேயர்கள் சுட்டிக்காட்டிய தவறுகளை வாசித்துத் திருத்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதனாலேயே அவர்கள் மேல் மதிப்பு கூடியது. தங்கள் துறையைத் தாண்டிப் பேசும்போது, தெரிந்தவரை அழைத்து வருகிறார்களா? இடையில் விற்கும் பொருள் என்ன? அறிவியல் பேசிக்கொண்டே சத்துப்பொடி விற்றால் நான் அணைத்துவிடுவேன். ஒருவரை மூன்று மணி நேரம் குறுக்குக் கேள்வி இல்லாமல் பேசவிடும் பேட்டிகள் எவ்வளவு சுவையாக இருந்தாலும் அவற்றில் எதுவும் சோதிக்கப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகம் செய்வது?

ஹெட்போனை மாட்டிவிடாதீர்கள், அலுத்துவிடும். மேலே சொன்ன மூன்று செய்தி விளையாட்டைச் சாப்பாட்டு நேரத்தில் விளையாடுங்கள். ஒரு உதாரணம் தருகிறேன்: ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். வெள்ளிக் கோளில் ஒரு வருடத்தைவிட அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற அதிக நாளாகும். ஒருமுறை இடி விழுந்த இடத்தில் மறுமுறை விழாது. எது பொய், ஏன் என்று ஆளாளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னதற்கு இல்லாமல் நல்ல காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.

பொய் எது என்பதை அன்றைக்கே உடைத்துச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை எங்கள் வீட்டில் நடுவில் விருந்தாளி வந்து விளையாட்டு பாதியில் நின்றது. இடி மறுபடி விழாது என்பதை உண்மை என்றே என் பையன் நினைத்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்து மழையில், ஏற்கெனவே இடி விழுந்து கருகிய தென்னை மரத்தடியில் போய் நின்றிருந்தான். கூப்பிட்டு உள்ளே கொண்டுவந்து, உயரமான மரத்தில் இடி திரும்பத் திரும்ப விழும் என்று படம் வரைந்து காட்டினேன். இப்போது விளையாட்டு முடிந்ததும் பொய்யான வாக்கியத்தை அவன்தான் தாளில் எழுதிக் குறுக்கே அடித்து வைக்கிறான்.